மழைக்கு வாங்கிய தார்ப்பாய் காற்றுக்கு நிற்குமா? வட சென்னைக் கூரைகளுக்கு ஐந்து விதப் பாய்கள், ஒரு மதிப்பீடு

வட சென்னைக்குத் தண்ணீர் பழக்கம். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் எதை முதலில் கட்டில் மேல் ஏற்ற வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காற்று அப்படி இல்லை. 1994 அக்டோபர் 31 அன்று சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கடும் புயல் கரையேறியது. அதற்குப் பிறகு நகரத்தின் தலைமேலேயே வந்து ஏறியது 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா. நடுவில் 22 ஆண்டுகள். 2011இல் தானே கடலூர், புதுச்சேரிப் பக்கம் போனது. 2012இல் நீலம் மாமல்லபுரத்தோடு நின்றது. 2023இல் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா பக்கத்தில். நமக்கு அது விட்டுப்போனது தண்ணீரையும், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயையும்.

ஆகவே இந்தப் பக்கத்தில் விற்கிற தார்ப்பாய், அதை வாங்குகிற பழக்கம், கட்டுகிற கைப்பழக்கம் எல்லாமே ஒழுகலை மனத்தில் வைத்து உண்டானவை. ஒழுகலை நிறுத்த எந்தப் பாயும் போதும். காற்று வரும்போதுதான் பாய்க்குப் பாய் வித்தியாசம் தெரிகிறது. அப்போதும் முதலில் போவது நடுத்துணி இல்லை. ஓரம், ரிங் (கயிறு கோக்க ஓரத்தில் அடித்த உலோக வளையம்), கயிறு, முடிச்சு. இந்த மதிப்பீடு அந்த நான்கையும் முன்னால் வைத்து எழுதியது. பார்த்திருப்பது ஷீட்டு வீடுகளை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் அல்லது கலர் ஷீட் கூரைகளை. கூடவே மெத்தை வீட்டு மாடியில் போட்ட கொட்டகைகளையும்.

முதலில் ஒரு கணக்கு. கட்டடப் பொறியாளர்கள் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும்; அதை 9.8ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. காற்று என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ. 120 கி.மீ. என்றால் 34 இல்லை, 68 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 12க்கு 18 அடிப் பாய் சுமார் 20 சதுர மீட்டர். அதற்கு அடியில் காற்று புகுந்துவிட்டால் 120 கி.மீ. வேகத்தில் மேல்நோக்கி இழுக்கும் விசை 1,300 கிலோவைத் தாண்டும். ஓரத்தில் இருக்கும் 18, 20 ரிங்குகள் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலும் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் எடையைத் தூக்க வேண்டும். சரிசமமாக எந்தக் காலத்திலும் பங்கு போகாது. மூலை ரிங்குதான் முதலில் வாங்கும். அது பிய்ந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது, ஜிப் திறப்பது போல.

சென்னைக்கான கட்டட விதி எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வர்தாவில் வீசியது அதைவிடக் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், 'புயலுக்கே அசையாது சார்' என்று சொல்கிற கடைக்காரரிடம் ஒரு சிரிப்போடு பேச முடியும்.

இனி பாய்கள்.

பழைய ஃபிளெக்ஸ் பேனர். காசு கொடுக்காமலேயே கிடைக்கும், அல்லது எடைக்குக் கிடைக்கும். தலைவர்கள் முகம் கீழே போகும்படி போட்டால் வீட்டுக்குள் வெளிச்சமாக இருக்கும் என்பது தவிர, இதன் பெருமை ஒன்றுதான்: நெய்த பாலியெஸ்டர் மேல் பிவிசி பூசியதால் தண்ணீர் இறங்காது. குறைகள் பல. ஓரத்தில் ரிங் இருக்காது. இருந்தாலும் பேனர் சட்டத்தில் கட்டுவதற்காக அடித்தது, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றுதான் வரும். வெயிலில் ஓர் ஆண்டு கிடந்தால் பிவிசி விறைத்து, மடித்த கோட்டில் வெடிக்கும். ஒரு இடத்தில் கிழிந்தால் நூல் போன போக்கில் நேர்கோடாகக் கடைசிவரை கிழியும். மூலையைக் கசக்கி முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டுவது இங்கே வழக்கம். அந்த முடிச்சே ஒரு கூழாங்கல்லை உள்ளே வைத்துப் போட்டதாக இருந்தால் ஓரளவு தாங்கும். வெறும் முடிச்சு ஈரத்தில் நழுவும். ஷீட்டுக்கு அடியில், வீட்டுக்குள் உள்கூரையாகக் கட்ட ஃபிளெக்ஸ் நல்ல சரக்கு. மேலே போடக் கூடாது. உள்ளே கட்டினாலும் அடுப்புக்கு மேலே வேண்டாம்.

சாதா நீலப் பாய். பிராட்வே நடைபாதையிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் எங்கும் தொங்குவது இதுதான். பாலித்தீன் நாடாவை நெய்து இரண்டு பக்கமும் மெல்லிய படலம் ஒட்டியது. பெரும்பாலும் 70 முதல் 90 ஜி.எஸ்.எம். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது. தடிமன் இல்லை, எடை. வெயிலைத் தாங்கும் மருந்து சேர்க்காத சரக்கு என்றால் நான்கைந்து மாத வெயிலில் படலம் உரிந்து, கையில் நீலப் பொடி ஒட்டும். ஜூன் மாதம் வாங்கி ஓட்டையை மூடிவிட்டு, டிசம்பர் புயலுக்கும் அதையே நம்புகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்: பாய் பார்க்க அப்படியே இருக்கும், இழுத்தால் வரகரிசிபோல உதிரும். ஒரு பருவத்துச் சரக்கு. வண்டியை மூட, சாமானை மூட, தரையில் விரிக்க வாங்கலாம். கூரைக்குப் போட்டால் ஒவ்வொரு ஆண்டும் மாற்றுவதாக இருந்தால் மட்டும்.

கனமான நெய்த பாய், 150 முதல் 250 ஜி.எஸ்.எம். இதுவும் மேலே சொன்ன அதே வகை, ஆனால் நாடா அடர்த்தி, படலம் தடிப்பு. இந்தியத் தரக் குறியீட்டில் இதற்கு ஐ.எஸ். 7903 என்று தனி எண் இருக்கிறது. நல்ல சரக்கில் அது அச்சடித்திருக்கும். இதன் பலம் ஓரம்: மடித்துத் தைத்த ஓரத்துக்குள் கயிறு ஓடும், மூலையில் முக்கோண ஒட்டு இருக்கும். அந்தக் கயிறு இருந்தால்தான் ரிங்கில் விழும் இழுப்பு பாய் முழுவதும் பரவும். கயிறு இல்லாத ஓரத்தில் ரிங் மட்டும் தனியாகப் பிய்ந்து வரும். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாலே உள்ளே கயிறு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூரைக்கு நான் முதலில் கை காட்டுவது 200 ஜி.எஸ்.எம்.மை. 250 இன்னும் உறுதிதான், ஆனால் 18க்கு 24 அடிப் பாய் 10 கிலோவைத் தொடும். ஈரத்தோடு அதை ஏணியில் இரண்டு பேர் ஏற்றுவது லேசான காரியம் இல்லை.

சில்பாலின். இது ஒரு கம்பெனியின் சரக்குப் பெயர். ஆனால் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஒட்டிய பளபளப்பான எல்லாப் பாயையும் பாரிமுனையில் இந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கொடுப்பவரும் கொடுக்கிறார். இதில் நெசவு இல்லை. படலங்களைக் குறுக்குக் கோணத்தில் வைத்து ஒட்டியிருப்பதால் கிழிசல் ஒரு திசையில் ஓடாமல் திணறி நின்றுவிடும். அதே எடைக்குத் தண்ணீரை இதைவிட நன்றாகத் தடுப்பது வேறு இல்லை, ஊசித் துளை இருக்காது. இதற்கான தர எண் ஐ.எஸ். 14611. குறை என்று பார்த்தால் வழுக்கல். கூரையின் சரிவில் தானாக நழுவி இறங்கப் பார்க்கும். மேலே வைத்த எதுவும் நிற்காது. மிதித்தால் ஆளும் நிற்க மாட்டார். காற்றில் படபடவென்று பெரிய சத்தம் வரும், பிள்ளைகள் தூங்கா. ஒழுகலுக்கு முதல் மதிப்பெண், காற்றுக்கு இரண்டாவது. கட்டுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் இரண்டும் சமம்.

கித்தான். பருத்திக் கான்வாஸில் மெழுகும் மருந்தும் ஏற்றிய பழைய லாரிப் பாய். மணலி, மாதவரம் பக்கத்து லோடு லாரிகளில் இன்னும் பார்க்கலாம். கனத்தால் படபடக்காது, படபடக்காததால் கிழியாது. ஆனால் நனைந்தால் எடை ஏறும், காயாமல் மடித்தால் மக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நனைந்த கித்தானைப் போட்டுவிட்டு அதன்மேல் ஆளும் ஏறினால் ஷீட் பிளக்கும். கூரைக்கு வேண்டாம், தள்ளுவண்டிக் கடைக்கு நல்லது.

விலையை இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு விலை, துறைமுகத்தில் கூண்டு ஏறிய மறுநாள் வேறு விலை. அதற்குப் பதிலாக ஒரு வழி: தராசு. எந்தக் கடையிலும் இருக்கும். பாயைத் தூக்கி வையுங்கள். 12க்கு 18 அடிப் பாய் 90 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 1.8 கிலோ, 120 என்றால் 2.4, 150 என்றால் 3, 200 என்றால் 4, 250 என்றால் 5 கிலோ இருக்க வேண்டும். ஓரக் கயிறும் ரிங்கும் சேர்ந்து கொஞ்சம் கூடத்தான் காட்டும், குறையக் கூடாது. '200 ஜி.எஸ்.எம்.' என்று அட்டையில் எழுதிய பாய் 2.7 கிலோ காட்டினால் அது 130, பேச்சு முடிந்தது. பிறகு விலையை எடையால் வகுத்துப் பார்த்தால் எந்தக் கடை கொள்ளை, எந்தக் கடை நியாயம் என்று உடனே புரியும்.

எடைக்கு அடுத்தது அளவு. 12க்கு 18 என்று விற்பது வெட்டும்போது இருந்த அளவு. ஓரம் மடித்துத் தைத்த பிறகு ஒவ்வொரு பக்கமும் சில அங்குலம் போய்விடும். மட்டமான சரக்கில் ஓர் அடியே குறையும். டேப்பை எடுத்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் விண்மீன்களாகத் தெரியும். நகத்தால் மூலையைச் சுரண்டினால் படலம் உரியக் கூடாது. ரிங்கைக் கட்டைவிரலால் திருகினால் சுற்றக் கூடாது. சுற்றினால் அடித்தது தளர்வு, முதல் காற்றில் கழன்றுவிடும். ரிங் பித்தளையாக இருந்தால் நல்லது. காசிமேடு, எண்ணூர், நெட்டுக்குப்பம் மாதிரி உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் அலுமினிய ரிங் வெள்ளைப் பூ பூத்துப் பொடியும். அதில் இரும்புக் கட்டுக்கம்பியைப் போட்டு முறுக்கினால் அரிப்பு இன்னும் சீக்கிரம், போதாக்குறைக்குக் கம்பி கத்தி மாதிரி ரிங்கை அறுக்கும். கட்டுக்கம்பி கான்கிரீட் கம்பி கட்டத்தான், பாய்க்குக் கயிறு.

கயிற்றில் பலரும் பாயில் செலவழித்த காசை இழக்கிறார்கள். பாயோடு இலவசமாகத் தருகிற 3, 4 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு துணி காயப்போட மட்டும். பாலிபுரோப்பிலீன் முறுக்குக் கயிறு 6 மி.மீ. புதிதாக இருந்தால் அறுபடும் விசை அரை டன்னுக்கு மேல், 8 மி.மீ. சுமார் ஒரு டன். முடிச்சுப் போட்டதும் பாதி பலம் போய்விடும் என்று கணக்கு வையுங்கள். வெயிலில் கிடந்து வெளுத்த கயிறு என்றால் மீதியிலும் பாதி. கூரைக்கு 8 மி.மீ. வாங்கினால் முடிச்சு, தேய்மானம் எல்லாம் போக மிச்சம் இருக்கும். நைலான் இன்னும் பலம், ஆனால் நனைந்தால் நீளும்; மாலையில் விண்ணென்று கட்டியது விடியற்காலை தொளதொளவென்று தொங்கும். தென்னங்கயிறு வேண்டவே வேண்டாம். கயிற்றைப் பாய்க் கடையில் வாங்காமல் காசிமேட்டுப் பக்கத்து வலைக்கடையில் வாங்குவது மேல். அங்கே வாங்குகிறவர்களுக்குக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று தெரியும், ஆகவே மட்டமான கயிறு அங்கே அதிக நாள் விற்காது.

கட்டும் முறைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல பாயும் மோசமான கட்டும் சேர்ந்தால் மோசமான பாயைவிடக் கேடு. நீலப் பாய் கிழிந்து பறந்துபோகும், அவ்வளவுதான். 200 ஜி.எஸ்.எம். பாய் கிழியாது, பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி ஷீட்டையும் சேர்த்துப் பிடுங்கும்.

ரிங்கில் மட்டும் கட்டாதீர்கள். பாயின் ஓரத்தை ஒரு சவுக்குக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டையைக் கூரையின் இறவாணத்துக்கு அடியில் கொண்டுவந்து, கட்டையோடு சேர்த்துக் கயிறு போடுங்கள். இழுப்பு 18 ரிங்குகளில் விழாமல் கட்டையின் முழு நீளத்திலும் பரவும். இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு கட்டை போதும். சுற்றாமல் தொங்கும் பாய் ஓரம் ஒரு சாண் கூட இருக்கக் கூடாது. தொங்குகிறதுதான் முதலில் அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்வதுதான் கிழியும். ஆஸ்பெஸ்டாஸ் முனை கண்ணாடி மாதிரி அறுக்கும் என்பதால் பாய் மடங்குகிற இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபையோ சாக்கையோ வைக்க வேண்டும்.

கயிற்றைக் கொண்டுபோய் எதில் கட்டுவது? ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், பைப்பில், சுவரில் பதித்த கொக்கியில். ஷீட்டின் முனையில் இல்லை. பக்கத்து வீட்டு கிரில்லில் இல்லை. மின்கம்பத்தில் நிச்சயமாக இல்லை. முருங்கை மரத்தில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காக்கைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தால் முறியும் மரம் அது. முடிச்சுக்குக் கம்பத்தைச் சுற்றி இரண்டு முழுச் சுற்று, பிறகு கயிற்றின் மேலேயே இரண்டு அரைச் சுருக்கு. சுற்றுதான் பாரத்தை வாங்கும், சுருக்கு அதைப் பிடித்துக்கொள்ள மட்டும். பாலிபுரோப்பிலீன் வழுக்கும் என்பதால் வால் ஒரு சாண் விட்டு வெட்டி, நுனியைத் தீயில் காட்டி உருக்குங்கள். இழுத்துக் கட்டும் வித்தையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் லோடு லாரியில் தார்ப்பாய் கட்டுகிறவர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

நான்கு பக்கமும் கட்ட வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'காத்து கடல் பக்கமிருந்துதானே வரும்' என்று கிழக்கே மட்டும் பலமாகக் கட்டுகிற பழக்கம். புயல் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. மேற்கே நகரும் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறினால் நமக்கு வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று கடல்காற்று. பழவேற்காடு பக்கம் ஏறினால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. முழுக்கத் தரைப் பக்கத்துக் காற்று, முதுகில் அடிக்கும். நம் தலைமேலேயே கண் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து, பிறகு திடீரென்று ஓய்வு, பிறகு தெற்கிலிருந்து. அந்த ஓய்வில் மேலே ஏறிக் கயிற்றைச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள். மறுபக்கக் காற்று மெதுவாகத் தொடங்காது. முதல் பாதியில் தளர்ந்துபோன கயிறுகளையும் ஆட்டம் கண்ட மரங்களையும் எதிர்த்திசையிலிருந்து பிடித்துத் தள்ளும்.

மணல் மூட்டை பற்றி. கூரையில் மூட்டை, செங்கல், பழைய டயர் வைத்துவிட்டால் நிம்மதி என்று ஒரு நம்பிக்கை. 25 கிலோ மூட்டை ஒன்று, 120 கி.மீ. காற்றில் சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான இடத்தைத்தான் பிடித்து வைக்கும். 20 சதுர மீட்டர் கூரைக்கு 50 மூட்டைக்கு மேல் வேண்டும். அதற்கு முன்பே ஷீட் உடைந்து வீட்டுக்குள் விழும். மூட்டைக்கு இருக்கும் ஒரே வேலை, பாய் சிலுசிலுக்காமல் அழுத்தி வைப்பது. அதற்கும் இரண்டு மூட்டைகளை ஒரு கயிற்றின் இரு முனையில் கட்டி, முகட்டின் இருபக்கமும் தொங்கவிட்டு, சட்டம் ஓடுகிற கோட்டின் மேல் படும்படி வைக்க வேண்டும். செங்கல்லும் டயரும் கூடவே கூடாது. கூரை போனால் அவை எதிர்வீட்டுக்குப் போகும். காலி சின்டெக்ஸ் தொட்டியும் அப்படித்தான்: 500 லிட்டர் தொட்டியை நிரப்பி வைத்தால் அரை டன், காலியாக விட்டால் பந்து. கரண்ட் போய் மோட்டார் ஓடாத நாட்களுக்கு அந்தத் தண்ணீரும் ஆயிற்று.

உண்மையில் கூரையைப் பிடித்திருப்பது பாயோ மூட்டையோ இல்லை, ஜே போல்ட், அதாவது ஷீட்டைச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் வளைந்த போல்ட். ஒரு 2 மீட்டர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் 28 கிலோ இருக்கும். அதன்மேல் 120 கி.மீ. காற்றின் இழுப்பு 140 கிலோ, முனைகளிலும் முகட்டிலும் இன்னும் அதிகம். மீதிப் பாரம் முழுக்க போல்ட்டில். கலர் ஷீட்டின் எடையோ ஆஸ்பெஸ்டாஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே பாய்க்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை போல்ட்டுக்கு ஒதுக்குங்கள். 8 மி.மீ. துத்தநாகம் பூசிய போல்ட், அதன்மேல் குமிழ் வாஷர், அடியில் தார் வாஷர். துளை ஷீட்டின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் இல்லை. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெயிலில் ஷீட் விரியும்போது துளையைச் சுற்றிக் கீறல் விழும். நட்டைக் கையால் முறுக்கி, பிறகு ஸ்பேனரில் ஒரு சுற்று. உடலை வளைத்து முறுக்கினால் ஷீட் போய்விடும். சட்டத்துக்குச் சட்டம் 1.4 மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், ஷீட் வெளியே ஓர் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், போல்ட் எத்தனை போட்டாலும் பயன் குறைவு. துளைக்கும் இடத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, கை டிரில்லால் மெதுவாகப் போடுங்கள். விழுந்த தூளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விளக்குமாறு போட்டு வாரக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஏறுகிறவர் போல்ட் வரிசை ஓடும் கோட்டில் பலகை போட்டு அதன்மேல் மட்டும் நடக்க வேண்டும்.

இப்போது பலரும் எதிர்பார்க்காத ஒரு பரிந்துரை. கூரை உடையாமல், போல்ட் உறுதியாக இருந்தால், பெருங்காற்று வருவதற்கு முன் பாயைக் கழற்றி மடித்து வீட்டுக்குள் வையுங்கள். ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம். வானிலை மையக் கணக்கில் 62 முதல் 88 கி.மீ. காற்று என்றால் புயல், 89க்கு மேல் தீவிரப் புயல், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல். சாதாரணப் புயல் வரைக்கும் நன்றாகக் கட்டிய பாய் நிற்கும். தீவிரப் புயல் என்று அறிவித்து, அதுவும் நம் பக்கம் வருகிறது என்றால் கழற்றுவதுதான் சரி. பாயின் முழுப் பலனும் காற்று ஓய்ந்த பிறகு, உடைந்த ஷீட்டுக்கு மேல் மழையைத் தடுக்கும்போதுதான் கிடைக்கும். அன்றைக்கு எந்தக் கடையிலும் பாய் இருக்காது.

நாள் கணக்குக்குத் துறைமுகக் கூண்டு போதும். 1ஆம் எண் என்றால் தூரக் கடலில் தாழ்வு மண்டலம், 2 என்றால் அது புயலாகிவிட்டது. இரண்டுமே தூரத்து எச்சரிக்கை. கடைக்குப் போக வேண்டிய நேரம் அது. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை: போல்ட் பார்க்க, கயிறு மாற்ற. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 7உம் 10உம் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்பதற்கு. அதற்குப் பிறகு ஏணியைத் தொட வேண்டாம். 11 என்பது புயலின் வேகம் இல்லை, எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

கிழிசலுக்கு ஃபெவிகாலோ சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனோ ஒட்டாது. பாலித்தீன் மேல் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. பாயைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, தார்ப்பாய்க்கென்று விற்கும் ஒட்டு நாடாவை இரண்டு பக்கமும், கிழிசலைவிட மூன்று விரல் அதிகமாக ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டாது. ஆகவே ஒரு சுருளை முன்பே வாங்கிப் பாயோடு சேர்த்தே வையுங்கள். பருவம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஒவ்வொரு முறையும் வேறு கோட்டில் மடிக்க வேண்டும். பரணில் போட்டால் எலி குடும்பம் நடத்தும். ஆணியில் தொங்கவிடுவது மேல்.

மொத்தத்தில் என் தேர்வு 200 ஜி.எஸ்.எம். நெய்த பாய், ஓரத்தில் கயிறு ஓடுவது, பித்தளை ரிங். ஒழுகல் மட்டும்தான் கவலை என்றால் சில்பாலின். ஆனால் எந்தப் பாய் வாங்கினாலும் அதன்மேல் போட ஒரு துண்டு பழைய இழுவலை வாங்குங்கள். கடலோரக் குப்பங்களில் கூரை மேல் வலை போர்த்திக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அழகுக்கு இல்லை. வலைக்குள் காற்று புகுந்து வெளியேறிவிடும், அதனால் வலை தூக்காது. பாயை மட்டும் நூறு இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கும், படபடப்பை அடக்கிவிடும். பாயைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு முழம் பெரிதாக வாங்கி, ஓரத்தை அதே சவுக்குக் கட்டையில் சேர்த்துக் கட்டினால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னுவதும் பழுது பார்ப்பதும் நடக்கும். கழித்த வலை அப்போது எடைக்குக் கிடைக்கும். கந்தல் விழாத இடமாகப் பார்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். மீன் வாடை இரண்டு மழையில் போய்விடும், அதுவரை பூனைகள்தான் கொஞ்சம் தொந்தரவு.